காடு போச்சு… கேன்டீன் சோறு வந்தாச்சு! ஆட்டு எச்சில் சொல்லும் கும்மிடிப்பூண்டி கதை

காலை 8 மணி. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்துக்குள் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக நுழைகின்றன. இரும்புக்கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று முனையில் திரும்ப முடியாமல் முனகுகிறது. அந்தச் சத்தத்தைக் காதிலேயே வாங்காமல், காம்பவுண்டுச் சுவரை ஒட்டிய கொடுக்காப்புளி மரத்தடியில் ஒரு வெள்ளாடு பின்னங்கால் இரண்டில் எழுந்து நிற்கிறது. முன்னங்கால்கள் சுவர் மேல். மேலுதட்டை விரல் மாதிரி மடக்கி, இரண்டு முள்ளுக்கு நடுவில் இருக்கும் இலைக்கொத்தை மட்டும் அலுங்காமல் உருவுகிறது. மூன்று வாய், நான்கு வாய். அவ்வளவுதான். மரம் நிறைய தழை இருக்க, இறங்கி அடுத்த செடிக்கு நடையைக் கட்டுகிறது.

பத்தடி தள்ளி ஒரு கறவை மாடு. அதே மரத்தின் தாழ்ந்த கிளை அதன் மூக்குக்கு நேரே ஆடுகிறது. மோந்து பார்க்கிறது, தலையைத் திருப்பிக்கொள்கிறது. நாக்கைச் சுழற்றிச் சாலையோரப் புல்லை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, பழகிய வழியில் ஒரு ஆலையின் பின்பக்க கேட்டை நோக்கிப் போகிறது. அங்கே நீல டிரம்மில் நேற்று ராத்திரி மீந்த சோறு இருக்கும்.

ஆட்டுக்கு ஏன் அந்த மரம் பிடிக்கிறது? பிடித்தும் ஏன் நான்கே வாயோடு நிறுத்துகிறது? மாடு ஏன் மோந்து பார்த்ததோடு விட்டது? அந்தச் சோறு மாட்டை என்ன செய்யும்? நான்குக்குமே பதில் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது: வாயில் ஊறும் எச்சிலில். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால், திருவள்ளூர் மாவட்டத்தில் பட்டி வைத்துப் பிழைக்கும் குடும்பங்களின் வரவு செலவில் இந்த எச்சிலுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நாவல்பழம் தின்ற நாக்கு

நாவல்பழம் தின்றால் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, வாய் வறண்டு, பல்லில் சாக்பீஸ் தூள் ஒட்டியதுபோல் இருக்குமே, அந்தத் துவர்ப்புதான் விஷயம். அறுசுவையில் நாம் அதற்கு ஓரிடம் கொடுத்திருக்கிறோம். வேதியியல்படி பார்த்தால் அது சுவை என்பதைவிட ஒரு விபத்து. பழத்திலுள்ள டானின் என்ற பொருள், எச்சிலில் மிதக்கும் புரதங்களைப் பிடித்துக் கட்டியாக்கிவிடுகிறது. வழுவழுப்புக் கொடுத்த புரதம் போனதும் நாக்கும் கன்னமும் உரசுகின்றன. வாழைப்பூ, கடுக்காய், கொட்டைப்பாக்கு, கடும் டீ என எல்லாவற்றிலும் இதே வேலைதான் நடக்கிறது.

மரம் செடிகள் டானினை வைத்திருப்பது பெரும்பாலும் தின்ன வரும் வாய்களுக்காக. வயிற்றுக்குள் போனால் அது தீவனத்திலுள்ள புரதத்தையும் செரிமானச் சாற்றையும் பிடித்துக்கொள்ளும். வயிறு நிறையும், சத்து சேராது. இந்தத் தொழில் தெரிந்த மனிதர்கள் அதைத் தோலுக்குப் பயன்படுத்தினார்கள். ஆவாரம்பட்டை ஊறிய நீரில் ஆட்டுத்தோலைப் போட்டால், பட்டையிலுள்ள டானின் தோலின் கொலாஜன் புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. அதன்பின் தோல் அழுகாது. ‘ஈஸ்ட் இந்தியா’ தோல் என்று மெட்ராஸிலிருந்து கப்பலேறிய சரக்கெல்லாம் இப்படிப் பதனிட்டதுதான். பிறகு குரோமிய உப்பு வந்தது. குரோம் லெதர் கம்பெனி வந்த இடம் குரோம்பேட்டையே ஆனது.

இங்கே ஒரு வேடிக்கை. கொலாஜனில் புரோலின் என்ற அமினோ அமிலம் ஏராளம். டானினுக்கு அதன்மேல் தனி மோகம். தழை தின்னும் சில விலங்குகளின் எச்சிலிலும் புரோலின் நிறைந்த புரதங்கள் ஊறுகின்றன. டானின் உள்ளே போய்க் கெடுதல் செய்வதற்கு முன்பே, வாயிலேயே அதற்கு இரை போட்டு மடக்கிவிடும் ஏற்பாடு இது. செத்த ஆட்டின் தோலைத் தொட்டியில் பதனிடுவது எந்த வேதிவினையோ, அதே வினை தழை தின்னும் உயிரின் வாயில் அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

எலியில் தொடங்கி மானுக்கு

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு டானின் மிகுந்த சோளத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்றே நாளில் எலிகளின் காதடி உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கிப் பெருத்தது. புரோலின் புரதம் பல மடங்கு ஏறியது. அதாவது, வாய் தீவனத்தைப் பார்த்துப் பாடம் படிக்கிறது. பாடம் படிக்க அதற்கு நாள் வேண்டும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1989-ல் இரண்டு வேலைகள் வெளியாயின. ஒன்றில், மானின் எச்சிலில் டானினைப் பிடிக்கும் புரதம் இருக்கிறது, செம்மறியிலும் மாட்டிலும் அது இல்லை என்று காட்டினார்கள். இன்னொன்று ரெய்ன்ஹோல்ட் ஹாஃப்மன் என்ற ஜெர்மன் உடற்கூறு அறிஞருடையது. அசைபோடும் விலங்குகளை அவர் மூன்றாகப் பிரித்தார்: தழை பொறுக்குபவை, புல் மேய்பவை, இரண்டுக்கும் நடுவில் பருவத்துக்குத் தக்கபடி மாறிக்கொள்பவை. உடல் எடையோடு ஒப்பிட்டால், தழை பொறுக்கும் விலங்கின் காதடிச் சுரப்பி புல் மேய்வதினுடையதைப்போல் மூன்று மடங்கு வரை பெரிது என்றார். மாடும் செம்மறியும் புல்லுக்கானவை. வெள்ளாடு நடுவில், தழைப்பக்கம் சாய்ந்து நிற்கிறது.

வெள்ளாட்டை மானுக்குச் சமமாக வைத்துப் பேசுவது அவசரம். அதன் எச்சிலில் மான் அளவுக்குத் தயார்நிலைப் புரதம் இல்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. போர்ச்சுகல்லின் எவோரா பல்கலைக்கழகத்தில் எல்சா லாமி குழுவினர் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் டானின் கலந்த தீவனம் கொடுத்தபோது, இரண்டின் எச்சில் புரதங்களும் மாறின. ஆஸ்திரேலியாவில் வேலமரத் தழை தின்று திரிந்த காட்டு ஆடுகளின் வயிற்றில், டானினுக்கு அஞ்சாத ஒரு பாக்டீரியாவை 1990-களில் கண்டுபிடித்தார்கள். ஆக, ஆட்டின் பலம் எச்சிலில் கொஞ்சம், வயிற்று நுண்ணுயிரில் கொஞ்சம், மீதி அந்த ‘நான்கு வாயோடு நிறுத்தும்’ புத்தியில். ஒரே மரத்தில் நின்று தின்றால் ஒரே நஞ்சு சேரும். பத்துச் செடியில் பத்துக் கடி என்றால் எதுவும் எல்லை மீறாது. ஆடு மேய்ப்பவர்கள் ‘ஆடு ஓரிடத்தில் நிற்காது’ என்று அலுத்துக்கொள்வது இந்த அறிவைத்தான்.

எதைத் தொடக் கூடாது என்ற கணக்கும் அதனிடம் உண்டு. ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை என்று நம்மவர்கள் செடிக்குப் பெயர் வைத்ததே ஆட்டைப் பார்த்துத்தான். 1753-ல் லின்னேயஸ் அந்த ஆடாதொடையை அப்படியே லத்தீனுக்குள் கொண்டுபோய்விட்டார். உலகத் தாவரவியல் புத்தகத்தில் ஒரு தமிழ் ஆட்டின் தீர்ப்பு நிரந்தரமாகப் பதிவாகியிருக்கிறது!

பெட்டிச் செய்தி: எச்சில் கணக்கு

• ஒரு பெரிய கறவை மாட்டுக்கு ஒரு நாளில் ஊறும் எச்சில் 100 முதல் 150 லிட்டர். செம்மறிக்கு 6 முதல் 16 லிட்டர். மனிதருக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர்.
• மாட்டு எச்சிலில் ஒரு நாளைக்குக் கரைந்து போகும் பைகார்பனேட் ஒரு கிலோவுக்கு மேல். நம் வீட்டு ஆப்பசோடாவில் இருக்கும் அதே சரக்கு.
• சோற்றை மெல்ல மெல்ல நமக்கு இனிக்கிறதே, அதற்குக் காரணமான அமிலேஸ் நொதி மாடு, ஆடுகளின் எச்சிலில் இல்லை.
• தீவனத்திலிருந்து கிடைக்கும் தழைச்சத்தில் ஒரு பகுதியை யூரியாவாக்கி, எச்சில் வழியே திரும்பவும் முதல் வயிற்றுக்கே அனுப்பிவிடும். காய்ந்த வைக்கோலிலும் மாடு தாக்குப்பிடிக்கும் சூட்சுமம் இதுதான்.

நீல டிரம் செய்யும் வேலை

இப்போது அந்த டிரம்முக்கு வருவோம். நூற்றுக்கணக்கான ஆலைகள், மூன்று ஷிப்ட், அத்தனைக்கும் கேன்டீன். மீந்த சோறு, சாம்பார், இட்லி எல்லாம் சேர்ந்து சுற்றுவட்டார மாடுகளுக்குப் போகிறது. கல்யாண மண்டபமும் ஓட்டலும் அதில் சேர்த்தி. கொட்டி வீணாக்காமல் வாயில்லா ஜீவனுக்குக் கொடுத்தோம் என்று இரு தரப்புக்கும் திருப்தி.

மாட்டின் முதல் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? வைக்கோலையும் புல்லையும் மாடு தின்றுவிட்டு, நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அசைபோட்டால்தான் எச்சில் ஊறும். எச்சில் ஊறினால்தான் சோடா உப்பு உள்ளே இறங்கி அமிலத்தை அடக்கும். சோற்றை மெல்ல வேண்டிய அவசியமே இல்லை. வழுக்கிக்கொண்டு போகிறது. எச்சிலில் அமிலேஸும் இல்லை, சோடா உப்பும் வந்து சேரவில்லை. உள்ளே காத்திருக்கும் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைப் புளிக்கவைத்து லாக்டிக் அமிலமாக்கித் தள்ளுகின்றன. அமிலம் ஏறினால் நார்ச்சத்தைச் செரிக்கும் நல்ல நுண்ணுயிர் சாகிறது. மாடு அசைபோடுவதை நிறுத்துகிறது. நிறுத்தினால் இருந்த எச்சிலும் குறைகிறது. ஒன்றையொன்று கீழே இழுக்கும் சுழல்.

கூடை கூடையாகத் தின்ற மாடு ஓரிரு நாளில் செத்தும் போகும். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருந்தகங்களில் கூட்டம் கூடுவது இதனால்தான். ஆசையோடு ஊட்டிய பொங்கல்தான் காரணம். ஆனால், பெரிய நஷ்டம் சத்தமில்லாமல் வருவது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு தின்னும் மாட்டுக்குப் பாலில் கொழுப்பு இறங்கும். சாணம் தண்ணியாய், புளித்த வாடையோடு போகும். குளம்பு சூடேறி நொண்டும். சொசைட்டியில் பாலுக்கு விலை குறையும்போது, கேன்டீன்காரர் இலவசமாகக் கொடுத்த சோற்றின் விலை தெரியவரும்.

ஆட்டுக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால், ஆட்டின் உடம்பு சின்னது, தாங்கும் அளவும் சின்னது. மூட்டை அவிழ்ந்து கிடந்த அரிசியை ஒரு ராத்திரி தின்ற ஆடு காலையில் வயிறு உப்பிக் கிடப்பதைப் பார்க்காத பட்டிக்காரர் குறைவு.

தேர்வாய் கண்டிகையில் போன காடு

சரி, சோற்றைத் தேடி மந்தைகள் ஏன் ரோட்டுக்கு வந்தன? கும்மிடிப்பூண்டியிலிருந்து மேற்கே போனால் தேர்வாய் கண்டிகை. இந்தப் பகுதியின் மேட்டு நிலங்களில் இருந்தது வானுயர்ந்த காடில்லை. களா, காரை, சூரை, இலந்தை, ஆவாரை என்று இடுப்பளவுக்கும் தலையளவுக்கும் வளரும் முட்புதர்க் காடு. வெளியாள் பார்த்தால் தரிசு என்பார். ஆட்டின் கண்ணுக்கு அது பத்துப் பதார்த்தம் வைத்த தலைவாழை இலை.

அங்கே ஊர்மக்கள் மேய்ச்சலுக்குப் பயன்படுத்திவந்த ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் 2000-களின் இரண்டாம் பாதியில் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. 2009-ல் பிரான்ஸின் மிஷ்லின் டயர் நிறுவனத்துடன் தமிழக அரசு ஒப்பந்தம் போட்டது. பெரும்பாலும் தலித் குடும்பங்களான ஊர்மக்கள் போராடினார்கள். விவகாரம் நீதிமன்றம் ஏறியது. 2012-ல் புகார் பாரிஸ் வரை போனது. அந்தச் சட்டக்கதை தனிக் கட்டுரைக்கு உரியது. பக்கத்திலேயே 1,485 ஏக்கரில் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டது. கொள்ளளவு அரை டி.எம்.சி. சென்னைக்குக் குடிநீர் வேண்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. ஏக்கர் கணக்கு எழுதியவர்கள், அந்தப் புதரில் வருஷம் முழுக்க எத்தனை வாய்க்குத் தழை இருந்தது என்ற பத்தியைக் காலியாக விட்டுவிட்டார்கள் என்பதுதான் வருத்தம்.

இது புதுக்கதையும் இல்லை. சென்னையின் மந்தைவெளி பெயரளவில் இன்னும் மந்தைவெளிதான். அங்கே இப்போது மேய்பவை மாநகரப் பேருந்துகள்.

2011-ல் விலையில்லா ஆடு திட்டம் வந்தது. ஐந்தாண்டில் 7 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்குத் தலா 4 ஆடு என்பது இலக்கு. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் வெள்ளாடுகள் ஏறக்குறைய 99 லட்சம், செம்மறிகள் 45 லட்சம். வெள்ளாட்டின் எண்ணிக்கை மாட்டையே தாண்டிவிட்டது. ஆடு கொடுக்க அரசு இருந்தது. அந்த ஆடு கடிக்கும் செடிக்குத்தான் ஆளில்லை.

புதர் போனால் புழு வரும்

தழை போனால் ஆடு புல் தின்னுமே, அதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் குடலில் இருக்கிறது. குடற்புழுவின் குட்டிகள் புழுக்கையிலிருந்து வெளியேறி, புல்லின் அடியில் நாலைந்து விரற்கடை உயரத்துக்குள்தான் பெரும்பாலும் காத்திருக்கும். முழங்காலுக்கு மேலே தழை பொறுக்கிய ஆட்டுக்கு அந்தப் பகையைச் சந்திக்கவே வேலையில்லை. அதனால், புழுவை எதிர்க்கும் திறனிலும் வெள்ளாடு செம்மறியைவிடப் பலவீனம். கட்டையாய் மேய்ந்த புல்லில் வாயை வைக்கச் சொன்னால், ஒவ்வொரு கடியோடும் புழு உள்ளே போகிறது. போதாததற்கு, அளவான டானினே புழுவுக்கு ஓரளவு மருந்து. தழையோடு அதுவும் போய்விட்டது.

ரத்தம் குடிக்கும் வயிற்றுப்புழு ஏறிய ஆட்டைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்ளே செக்கச்செவேல் என்றிருந்தால் பயமில்லை. வெளிறி, காகிதம் மாதிரி இருந்தால் தாமதிக்காதீர்கள். தாடைக்கு அடியில் பைபோல நீர் கோத்திருந்தால் நிலைமை முற்றிவிட்டது. இன்னொன்று: வெள்ளாட்டின் உடம்பு புழு மருந்தைச் செம்மறியைவிட வேகமாக வெளியேற்றும். செம்மறிக்குக் கொடுக்கும் அளவையே வெள்ளாட்டுக்கும் ஊற்றினால் பாதிப் புழு தப்பிக்கும்; தப்பியது மருந்துக்கு அடங்காத சந்ததியைப் பெருக்கும். அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

வேலி போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவில் ஒரு பாடம் உண்டு. 1980-களில் டிரான்ஸ்வால் பண்ணைகளில் கூடு என்ற பெரிய மான்கள் வறட்சிக்காலத்தில் கும்பலாகச் செத்தன. வேலிக்குள் அடைபட்டதால், அகேசியா மரங்களையே திரும்பத் திரும்பத் தின்று டானின் மிஞ்சியது என்பது வூட்டர் வான் ஹோவன் என்ற விலங்கியலாளரின் முடிவு. எச்சில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்தாலும், அடுத்த செடிக்கு நடந்துபோக இடமிருக்க வேண்டும்.

மிஞ்சி நிற்பது சீமைக்கருவேலம். அதன் பச்சைத் தழையை ஆடு அநேகமாகச் சீண்டாது. முற்றிய காயைப் போட்டி போட்டுத் தின்னும். சர்க்கரையும் புரதமும் உள்ள நல்ல தீவனம்தான். ஆனால், மாதக்கணக்கில் அதையே முக்கியத் தீவனமாக்கினால், அதிலுள்ள ஆல்கலாய்டுகள் தாடை நரம்பைக் கெடுத்து, மெல்ல முடியாமல் வாய் கோணிப்போகும். பிரேசிலில் இந்த நோய்க்கு ‘கோணல் முகம்’ என்றே பெயர். காயை இடித்து, மற்ற தீவனத்தோடு ஒரு பங்காகக் கொடுப்பதே பத்திரம்.

எச்சிலிடம் பதில் இல்லாத பொருளும் இங்கே உண்டு. கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகளோடு, பழைய பேட்டரியிலிருந்து ஈயம் மீட்கும் ஆலைகளும் இயங்குகின்றன. டானினோடு ஆட்டின் முன்னோர் யுகக்கணக்கில் பழகியிருக்கிறார்கள். ஈயத்தோடு எந்த வாயும் பழகவில்லை. ஆலைச்சுவரை ஒட்டிய மரத்துத் தழை எவ்வளவு பசேல் என்றிருந்தாலும் வெட்டிப் போடாதீர்கள். தூசு படிந்த தழையைக் கழுவாமல் கொடுக்காதீர்கள். மாடு காரணமில்லாமல் பல்லை நறநறவென்று கடித்து, வாயில் நுரை வடிய, கண் தெரியாமல் முட்டி மோதினால் சாமியாடுகிறது என்று விட்டுவிடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பெட்டிச் செய்தி: பட்டிக்காரர்கள் கவனிக்க

• தழையைத் தரையில் போடாமல், கட்டி ஆட்டின் தலை உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். வீணாவதும் குறையும், புழுவும் குறையும்.
• ஒரே மரத்துத் தழை வேண்டாம். அகத்தி, கிளைரிசிடியா, கொடுக்காப்புளி, ஒதியன் எனக் கலந்து கொடுங்கள்.
• சவுண்டலில் மைமோசின் என்ற நஞ்சு உண்டு. மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். வாடவைத்துக் கொடுப்பது நல்லது.
• எந்தப் புதுத் தீவனத்தையும் 10 முதல் 15 நாளில் படிப்படியாக ஏற்றுங்கள். எச்சிலும் வயிற்று நுண்ணுயிரும் பாடம் படிக்க அவ்வளவு நாள் வேண்டும்.
• சோறு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கைப்பிடி அளவு. அதற்கு முன்பாக வைக்கோல்.

சவுண்டல் என்றதும் ஒரு கதை. ஆஸ்திரேலியாவில் அதைத் தின்ற மாடுகள் நோயில் விழுந்தன. ஹவாய்த் தீவு ஆடுகள் அதையே தின்று கொழுத்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஹவாய் ஆட்டின் வயிற்றுச் சாற்றிலிருந்த நுண்ணுயிரை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றிக் காட்டினார், நஞ்சு முறிந்தது. 1992-ல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆட்டின் வயிற்றுக்குள் கிடக்கும் வித்தைக்கு இன்னொரு நாடே விலை கொடுத்தது என்றால், நம் வட்டாரப் புதர்க்காட்டு ஆடுகளின் வாயையும் வயிற்றையும் முழுசாகப் படிக்க வேண்டாமா? கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருப்பது வெகுதூரத்தில் இல்லை, மாதவரத்தில். 1903-ல் தொடங்கிய மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில். இரண்டும் கும்மிடிப்பூண்டி புறநகர் ரயிலில் ஏறினால் அரைநாள் வேலை.

கிராமசபையில் ஒரு கேள்வி

ஊர்ப் பொதுநிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்டு ஊருக்கே திருப்பித்தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-ல், ஜக்பால் சிங் வழக்கில் உத்தரவிட்டிருக்கிறது. உங்கள் ஊரில் எது மேய்க்கால் புறம்போக்கு என்பது கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் சர்வே எண்ணோடு இருக்கும். போய்ப் பாருங்கள். மிச்சமிருக்கும் மேய்க்காலை மேய்க்காலாகவே வைக்கவும், ஏரிக்கரையிலும் வாய்க்கால் ஓரத்திலும் அகத்தியும் கொடுக்காப்புளியும் இலந்தையும் நடவும் ஊராட்சியால் தீர்மானம் போட முடியும். கேன்டீன் மேலாளர்களுக்கும் ஒரு வார்த்தை: மீந்த சோற்றை எரிவாயுக் கலனுக்கு அனுப்புங்கள், பின்பக்க கேட்டுக்கு வேண்டாம்.

கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடும். சர்வே எண்ணை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.